தசைக்கு ரத்தத்தை அனுப்புவது மூளை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் உடற்பயிற்சி பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நடை, ஓட்டம், மூச்சுப் பழக்கம் ஆகியவற்றைப் பற்றி அதில் சொல்லப்பட்டவை பெரும்பாலும் சரியானவை, எளிமையாகவும் எழுதப்பட்டிருந்தன. ஆனால், நாம் ஓடத் தொடங்கியதும் மூளை நரம்புகள் வழியே கட்டளையிட்டுத் தசைகளின் ரத்தக் குழாய்களைத் திறந்துவிடுகிறது என்ற ஒரு வாக்கியமும், மூளையிலிருந்து தொடைக்குத் தடித்த அம்புக்குறி போட்டு அருகில் அச்சிடப்பட்டிருந்த படமும், உடலுக்குள் நடப்பதைத் தலைகீழாகக் காட்டுகின்றன. உடலியங்கியல் வகுப்பறையில் 30 ஆண்டுகளுக்கும் மேல் நின்று பேசியவன் என்பதால் இதைக் கண்டும் காணாமல் கடந்துபோக மனம் வரவில்லை. கடிதம் சற்று நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

தசையோடு தொடர்புடைய நரம்புகள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. தசையைச் சுருங்கச் செய்யும் இயக்க நரம்பு தசைநாரில் போய் முடிகிறது. ரத்தக் குழாய்க்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. குழாயைத் தன் பிடியில் வைத்திருப்பது, நம் விருப்பத்துக்குக் காத்திராமல் தானே இயங்கும் பரிவு நரம்பு. தசைக்குள் நுழையும் சிறு தமனிகளின் வெளிப்புறத்தில் கொடி படர்ந்ததுபோல் இந்நரம்பின் மெல்லிய கிளைகள் சுற்றிக் கிடக்கின்றன. அவற்றில் துடிப்பு வந்து சேரும்போதெல்லாம் நார்அட்ரீனலின் என்னும் வேதிப்பொருள் கசிகிறது, குழாய்ச் சுவரிலுள்ள மென்தசை இறுகுகிறது, குழாய் ஒடுங்குகிறது. மனிதரின் எலும்புத் தசைகளைப் பொறுத்தவரை குழாய்களின் மீது இந்நரம்பு நேரடியாகச் செய்யும் வேலை இது ஒன்றுதான். 1851இல் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார் முயலின் கழுத்தில் ஓடும் பரிவு நரம்பை வெட்டியபோது அந்தப் பக்கத்துக் காது சிவந்து சூடேறியது. மறு ஆண்டில் பிரௌன்-செக்கார் வெட்டுண்ட நரம்பின் முனையை மின்சாரத்தால் தூண்டியதும் காது வெளுத்தது. நரம்பு அறுந்தால் குழாய் விரிகிறது, நரம்பு துடித்தால் குழாய் சுருங்குகிறது என்ற இந்தப் பழைய பாடம் காதுக்கு மட்டுமன்றித் தசைக்கும் பொருந்தும். பரிவு நரம்பு அடைக்கும் நரம்பு. தசையில் அது திறக்கும் நரம்பு அன்று.

அடைக்கும் நரம்பு மட்டுமே இருக்கையில், ஓடுபவரின் தொடைக்கு அத்தனை ரத்தம் எப்படிப் போகிறது என்பதில்தான் விஷயம் சுவையாகிறது. ஓய்வில் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தத்தை வெளித்தள்ளுகிறது. உடல் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு தசையாக இருந்தும் அதற்குக் கிடைப்பது சுமார் 1 லிட்டர்தான். உச்ச உழைப்பில் இதயம் 20 முதல் 25 லிட்டர் வரை தள்ளும்போது அதில் 80 விழுக்காட்டுக்கு மேல் தசைக்கே போய்விடுகிறது. இவ்வளவு பெரிய மாற்றத்துக்குக் குழாய்கள் பெரிதாக விரிய வேண்டும் என்பதில்லை; அழுத்தம் மாறாதிருக்க, விட்டம் இரண்டு மடங்கானாலே ஓட்டம் 16 மடங்காகிவிடும். அந்த விரிவை உண்டாக்குவது தசையேதான். சுருங்கி உழைக்கும் தசை பொட்டாசியத்தையும் கரியமில வாயுவையும் அடினோசினையும் வெளியிடுகிறது. குழாயின் உள்ளுறை நைட்ரிக் ஆக்சைடையும் புராஸ்டாகிளாண்டின்களையும் சுரக்கிறது. ஆக்சிஜனை இழந்த சிவப்பணுக்கள்கூட ஏடிபி என்னும் மூலக்கூறைக் கசியவிடுகின்றன. இவையெல்லாம் அக்கம்பக்கத்துச் சிறு தமனிகளைத் தளர்த்துகின்றன. இவற்றில் எது முதன்மையானது என்று கேட்டால் ஒற்றைப் பதில் கிடையாது. ஒன்றை மருந்தால் தடுத்தாலும் மற்றவை அந்த இடத்தைப் பெரும்பாலும் நிரப்பிவிடுகின்றன. முதல் சுருக்கம் முடிந்த ஒரு நொடிக்குள்ளேயே ஓட்டம் கூடத் தொடங்கிவிடுகிறது என்பதை மட்டும் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். மூளையின் ஆணைக்குக் காத்திருப்பவர் நடந்துகொள்ளும் விதம் இதுவல்ல.

இங்கே என் பங்குக்கு ஒரு தவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில், தசைக் குழாய்களைத் திறக்கும் தனிப் பரிவு நரம்பு ஒன்று உண்டு, அது அசிட்டைல்கோலினைச் சுரக்கிறது, அச்சம் வந்தவுடனே ஓடுவதற்கு ஆயத்தமாகத் தசைகளை நனைத்து வைக்கிறது என்று நானே பல ஆண்டுகள் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். கையிலிருந்த பாடநூலில் அப்படித்தான் இருந்தது. அது பூனையிலும் நாயிலும் கண்டது, அவற்றில் உண்மையும்கூட. மனிதரில் அத்தகைய நரம்பு இருப்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. பதற்றத்தின்போது நம் முன்கைத் தசையில் ரத்த ஓட்டம் கூடுவது உண்மைதான் என்றாலும், அதில் பெரும் பங்கு அட்ரீனல் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் அட்ரீனலினுக்கு உரியது. அந்தச் சுரப்பியைத் தூண்டுவது பரிவு நரம்பு என்பதால், சுற்றுவழியில் நரம்புக்கும் அதில் பங்குண்டு என்று யாராவது வாதிட்டால் நான் மறுக்க மாட்டேன். தோலின் கதையும் வேறு: உடல் சூடேறும்போது மனிதத் தோலின் குழாய்களைத் திறந்துவிடும் நரம்பு உண்மையிலேயே இருக்கிறது. கட்டுரையாளர் இந்த இரண்டையும் தசையோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

தசை தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும் என்றால் நரம்பை வீணாகச் சுமக்கிறோமா என்று வகுப்பில் மாணவர்கள் கேட்பார்கள். அதற்கான விடை 1985இல் பெர் ஆண்டர்சன், பெங்ட் சால்டின் ஆகிய இருவரும் வெளியிட்ட ஓர் அளவீட்டில் இருக்கிறது. ஒரு காலின் முன்தொடைத் தசையை மட்டும் உழைக்கவிட்டு மற்ற உடலை ஓய்வில் வைத்து அவர்கள் அளந்தபோது, ஒரு கிலோ தசைக்கு நிமிடத்துக்குச் சுமார் இரண்டரை லிட்டர் ரத்தம் பாய்ந்தது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓட்டத்தில் 15 கிலோ தசை உழைக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கிலோவும் தன் விருப்பம்போல் திறந்துகொண்டால் 37 லிட்டருக்கு மேல் தேவை. சாதாரண மனிதரின் இதயமோ 25 லிட்டரைத் தாண்டுவது அரிது. எல்லாக் குழாய்களும் ஒன்றாகத் திறந்துகொள்ளுமானால் ரத்த அழுத்தம் சரிந்து, மூளைக்குப் போதிய ரத்தம் ஏறாமல், ஓடுபவர் சில அடிகளுக்குள் மயங்கி விழுவார். லோரிங் ரோவெல் என்ற அமெரிக்க உடலியங்கியலாளர் தசையை உறங்கும் அரக்கன் என்று வருணித்தது இதனால்தான். பரிவு நரம்பு பழுதுபட்ட நோயாளிகளிடம் இது கண்முன் நடக்கிறது: நமக்கு உடற்பயிற்சியில் அழுத்தம் ஏறுகிறது, அவர்களுக்கு இறங்குகிறது.

ஆகவே உழைப்பின்போது நரம்பின் வேலை விநியோகம் அன்று, காவல். குடல், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவை ஓய்வில் நிமிடத்துக்கு ஏறத்தாழ இரண்டரை லிட்டர் ரத்தத்தைப் பெறுகின்றன. உச்ச உழைப்பில் பரிவு நரம்பு அந்தப் பங்கை ஒரு லிட்டருக்கும் கீழே இறக்கிவிடுகிறது. சும்மா இருக்கும் தசைகளின் குழாய்களும் இறுக்கப்படுகின்றன. வியப்பு என்னவென்றால், உழைக்கும் தசைக்குச் செல்லும் பரிவு நரம்பிலும் துடிப்பு கூடவே செய்கிறது. அதற்கும் அடைக்கச் சொல்லித்தான் ஆணை வருகிறது. ஆனால் உழைக்கும் தசை அதை முழுதாகக் காதில் போட்டுக்கொள்வதில்லை. 1962இல் ரெமன்ஸ்னைடர், மிட்செல், சார்னாஃப் ஆகிய மூவரும் விலங்குச் சோதனையில் இதைக் கண்டு ஒரு பெயரும் இட்டனர். தமிழில் அதைப் பரிவு முறிப்பு என்று சொல்லலாம். நார்அட்ரீனலின் கசிகிறது, அதன் செய்தியை வாங்கிக்கொள்ளும் குழாய்ச் சுவர் ஏற்பிகளும் அங்கேயே இருக்கின்றன, ஆயினும் தசை வெளியிடும் பொருள்கள் அந்தச் செய்தியின் வேகத்தை அங்கேயே தணித்துவிடுகின்றன. ஓய்வில் உள்ள தசை அதே ஆணைக்கு அப்படியே கட்டுப்படுகிறது. இவ்வாறு ஒரே ஆணை எங்கும் போக, கேட்பவர் கேட்டு, கேளாதவர் கேளாமல் இருக்க, ரத்தம் தேவையான இடத்துக்குத் தானாகத் திரும்புகிறது. மூளை ஒவ்வொரு தசையையும் தனித்தனியே தேடிப்போய்த் திறக்க வேண்டிய தேவையே எழவில்லை.

இந்த முறிப்பு எப்போதும் ஒரே அளவில் இருப்பதன்று. சிறு வயதிலேயே தசைகளை நலியச் செய்யும் டூஷென் தசைச்சிதைவு நோயில் தசைநாருக்குள் நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கும் நொதி தன் இடத்திலிருந்து விலகிப்போவதால், அந்தக் குழந்தைகளின் தசை உழைக்கும்போதும் நரம்பின் இறுக்கத்திலிருந்து சரிவர விடுபடுவதில்லை. வயதாகும்போதும் இத்திறன் குறைகிறது. தொடர்ந்து பயிற்சி செய்பவர்களிடம் இது மேலாகத் தக்கவைக்கப்படுகிறது. நல்ல நலத்துடன் இருப்பவரிலும் முறிப்பு முழுமையானதன்று. கை, கால், முதுகு என்று பெருந்தசைகள் எல்லாம் ஒருசேர உழைக்கும்போது உழைக்கும் தசையிலும் நரம்பு ஓரளவு கடிவாளத்தைப் பிடித்தே வைத்திருக்கிறது. இல்லாவிட்டால் மேலே போட்ட கணக்கு இதயத்தைத் தோற்கடித்துவிடும்.

நரம்புக்கு இந்தக் காவல் ஆணை எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லாவிட்டால் என் மறுப்பு அரைகுறையாகிவிடும். கட்டுரையாளருக்கு நியாயம் செய்ய வேண்டிய இடமும் இதுவே. மூளைக்கு இதில் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. 1913இலேயே டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோ, யோஹானஸ் லிண்ட்ஹார்ட் ஆகிய இருவரும், உழைப்புத் தொடங்கிய அந்தக் கணத்திலேயே நாடித் துடிப்பும் மூச்சும் ஏறிவிடுவதைக் கண்டு, தசையை அசைக்கும் ஆணையின் ஒரு கிளை இதயத்துக்கும் மூச்சுக்கும் பொறுப்பான நரம்பு மையங்களுக்கும் போகிறது என்று கருதினர். அது இன்றும் நிற்கும் கருத்து. ஓட எண்ணி எழுந்ததும் முதலில் நடப்பது, இதயத்தை அடக்கி வைத்திருக்கும் வேகஸ் நரம்பு தன் பிடியைத் தளர்த்துவது. நாடி 100 வரை ஏறுவது பெரும்பாலும் இதனால்தான். அதற்கு மேல் ஏற்றத்தான் பரிவு நரம்பு இறங்கி வருகிறது. மூளை முன்கூட்டியே ஆயத்தம் செய்கிறது என்பது மெய். அந்த ஆயத்தம் இதயத்துக்கு, தொடைக் குழாய்க்கு அன்று.

அதைவிட எனக்கு வியப்பூட்டுவது தசையிலிருந்து மேலே போகும் செய்தி. ஆண்டுதோறும் இதை வகுப்பில் செய்து காட்டுவேன். ஒரு மாணவர் முன்வந்து உட்காருவார். இடது கையில் ரத்த அழுத்தம் அளக்கும் பட்டை, வலது மேற்கையில் இன்னொரு பட்டை, வலது உள்ளங்கையில் பிடிவலிமை காட்டும் கருவி. தன் முழு பலத்தில் மூன்றில் ஒரு பங்கு காட்டும்படி அதை அழுத்திப் பிடித்திருக்கச் சொல்வேன். முதல் நிமிடம் அவருக்கு விளையாட்டாக இருக்கும். இரண்டாவது நிமிடத்தில் முன்கை நடுங்கும், பேச்சு நின்றுவிடும், அருகில் நிற்கும் நண்பர்கள் சிரிப்பதும் அவருக்குக் கேட்காது. ஒருமுறை 116ஆக இருந்த மேல் அழுத்தம் அப்போது 148ஐத் தொட்டிருந்தது. கை விடப்போகிறார் என்று தெரிந்த கணத்தில் வலது மேற்கைப் பட்டையை 200க்கு மேல் ஊதி இறுக்கி, பிறகு பிடியை விடச் சொன்னேன். கை துவண்டு மேசைமேல் விழுந்தது. மனத்தில் முயற்சி இல்லை, தசையில் சுருக்கம் இல்லை, நாடியும் இறங்கிப் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. அழுத்தம் மட்டும் 140ஐ விட்டு அசையவில்லை. பட்டையைத் தளர்த்தியதும் வெளுத்திருந்த கை விரல்நுனி வரை குப்பென்று சிவந்தது. ஓரிரு நிமிடங்களில் இடது கையின் அழுத்தமும் தணிந்துவிட்டது.

அழுத்தத்தை உயர்த்திப் பிடித்திருந்தது மாணவரின் மனமோ மூளையின் முன்னேற்பாடோ அன்று. அடைபட்ட கைக்குள் கழுவப்படாமல் தேங்கிய கழிவுகள்தான். 1937இல் ஆலம், ஸ்மர்க் ஆகிய இருவரும் முதலில் விளக்கிய சோதனை இது. தசைக்குள் பரவியிருக்கும் மிக மெல்லிய உணர்வு நரம்பிழைகளில் சில இழுவையையும் அழுத்தத்தையும் உணர்கின்றன. வேறு சில அமிலத்தையும் பிற கழிவுகளையும் முகர்ந்தறிகின்றன. அவை தண்டுவடம் வழியே மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் சொல்லும் செய்தி ஒன்றே: எனக்கு ரத்தம் போதவில்லை. முகுளம் உடனே பரிவு நரம்பை முடுக்கி மற்ற இடங்களை இறுக்கி அழுத்தத்தை உயர்த்துகிறது; உயர்ந்த அழுத்தம் தாகத்தில் இருக்கும் தசைக்குள் ரத்தத்தை உந்துகிறது. 1960களில் ஸ்வீடனின் உப்சாலாவில் ஹாக்பார்த், வால்போ ஆகியோர் உருவாக்கிய முறையால், முழங்காலுக்கு வெளிப்புறத்தில் ஓடும் நரம்புக்குள் முனை முடியைவிட நுண்ணிய டங்ஸ்டன் ஊசியைச் செலுத்திப் பரிவு நரம்பின் துடிப்பை நேரடியாகவே பதிவு செய்ய முடிகிறது. ஒலிபெருக்கியில் இணைத்தால் இதயத் துடிப்போடு தாளம் பிடித்தாற்போல் இரைச்சல் வந்து வந்து போகும். கை அழுத்தும் சோதனையில் முதல் நிமிடம் அந்த இரைச்சல் அநேகமாக மாறாமலே இருக்கும். இரண்டாம் நிமிடத்தில் ஏறத் தொடங்கும். பட்டை இறுக்கியிருக்கும் வரை ஏறியே நிற்கும். உழைப்பது கை, இறுகுவது சும்மா கிடக்கும் கால். படத்தில் போட்ட அம்பு எந்தத் திசையில் பொய்யாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணர்விகளைப் பற்றியும் ஒரு சொல். அழுத்தம் ஏறினால் இதயத்தை நிதானப்படுத்துவது அவற்றின் வேலை. உழைப்பின்போது அவை அணைந்துவிடுகின்றன என்று முன்பு கருதப்பட்டது. அணைவதில்லை, உயர்ந்த ஓர் அளவுக்குத் திருப்பி வைக்கப்பட்டு அந்த உயரத்திலும் காவலைத் தொடர்கின்றன.

இதையெல்லாம் செய்தித்தாளில் எதற்கு விரிக்க வேண்டும் என்று கேட்கலாம். அதே கட்டுரையில் ஓடி முடித்து நின்றதும் வரும் தலைச்சுற்றலுக்கு ரத்தச் சர்க்கரை குறைவதே காரணம் என்று எழுதப்பட்டிருந்தது. சிலருக்கு அப்படியும் நேரலாம். ஆனால் நலமாக உள்ளவர் சட்டென்று நிற்கும்போது தலை சுற்றினால் பெரும்பாலும் காரணம் வேறு. கால் தசைகள் சுருங்கும்போதெல்லாம் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை இதயத்துக்கு ஏற்றுகின்றன. சிரைகளின் வால்வுகள் அதைக் கீழே திரும்ப விடுவதில்லை. நின்றவுடன் அந்தப் பிழிதல் நின்றுவிடுகிறது. தசை திறந்துவைத்த குழாய்களோ உடனே மூடுவதில்லை. ரத்தம் காலில் தேங்க, இதயத்துக்குத் திரும்புவது குறைய, அழுத்தம் சரிகிறது. சில நிமிடம் மெல்ல நடந்து ஓய்ந்தால் இது நேராது. இனிப்பைத் தேடிப் போக வேண்டியதில்லை. தலை சுற்றிவிட்டால் காலைச் சற்று உயர்த்திப் படுப்பதே போதும்.

பளு தூக்குவோருக்கும் இதில் செய்தி உண்டு. அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் தசை தன் குழாய்களைத் தானே நசுக்கிக்கொள்கிறது, கழிவு தேங்குகிறது, மேலே சொன்ன செய்தி முகுளத்துக்குப் பறக்கிறது. மூச்சையும் அடக்கிக்கொண்டால் மார்புக்குள் ஏறும் அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். 1985இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அனுபவமுள்ள பளுதூக்குவோரின் தமனிக்குள் நேரடியாக அளந்தபோது, இரு கால்களாலும் பெரும்பளுவைத் தள்ளும் கணத்தில் அழுத்தம் சராசரியாக 320க்கு 250 வரை ஏறியிருந்தது. ஏற்கெனவே ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு நடையையும் பளுவையும் ஒரே தட்டில் வைத்துப் பரிந்துரைத்த அந்தக் கட்டுரையில் இதற்கும் ஒரு வரி இடம் தந்திருக்கலாம்.

திருத்தம் வெளியிட இடமிருந்தால், படத்தை மறுபடி வரைவது கடினமன்று. மூளையிலிருந்து தொடைக்குப் போகும் அம்பை அழித்துவிட்டு, தொடையிலிருந்து முகுளத்துக்கு ஓர் அம்பும், முகுளத்திலிருந்து குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் சும்மா தொங்கும் கைக்கும் மூன்று அம்புகளும் போடச் சொல்லுங்கள். தொடையின் ரத்தக் குழாய் அருகே திறந்த தண்ணீர்க் குழாய் ஒன்றை வரைந்து, அதன் திருகைத் தசையின் கையிலேயே கொடுத்துவிட்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற உடலியங்கியல் ஆசிரியன்